விட்ட இடம்

பின்னறையில், அரிசி மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில்
மூடி கழன்ற கொம்பியூட்டர் ஒன்று
எங்களுக்காக ரீவி பார்க்கிறது.
எட்டரை நாடகத்துக்கு எட்டு இருபத்தெட்டுக்கே குந்திவிடும்.
முடிந்த பிறகும் ஐந்து நிமிசம் எழும்பாது.
அதனால் எங்கள் வீட்டு நாடகங்கள்
செய்தி வாசிப்பவரின் வணக்கத்தில் தொடங்கி
யாரோ ஒருத்தியின் பற்பசைச் சிரிப்பில் முடியும்.

கூரையில் டிஷ்.
செய்மதி எங்கள் ஊருக்கு உச்சியோடு நிற்பதால்
அதுவும் ஏறக்குறைய மல்லாந்தே கிடக்கும்,
வேப்பஞ் சருகை ஏந்திக்கொண்டு.
சருகு கூடினால் முகங்கள் சதுரம் சதுரமாய் உடையும்.
கௌரிதாசன் ஏணி வைத்து ஏறி
பழைய பெனியனால் துடைப்பார்.

வயரும் அவர் இழுத்ததுதான்.
சுவரைத் துளைத்து, சாமியறை நிலைக்கு மேலால்,
ஹோலில் சவர்க்காரக் கட்டி அளவாய் இருக்கும் பெட்டிவரை.
ஸ்ரான்லி வீதியில் வாங்கிய பெட்டி.
மூன்று நாளாய் ஒரே வயரின் இரண்டு நுனியிலும் இருந்துகொண்டு
ஆளையாள் தெரியாது என்றன.
நாலாம் இரவு எந்த எண்ணைத் தட்டினாரோ,
பட்டியல் திறந்தது.

அவர் பருத்தித்துறை முதல் பஸ்ஸுக்குக் கொண்டக்டர்.
விடிய நாலுக்குக் கேற் சத்தம்.
எனக்குப் பெரியாஸ்பத்திரியில் இரவு டியூட்டி.
நான் வர ஏழரை. கழுவிக் கவிழ்த்த கோப்பை ஒன்று இருக்கும்.
பெட்டியைப் போட்டால் கேட்கும்:
விட்ட இடத்திலிருந்தா, முதலிலிருந்தா?

விட்ட இடம் அவருடையது.
பதினொன்றாம் நிமிசம் என்றால் கால் உளைவு.
முப்பத்தாறு என்றால் கதிரையிலேயே உறக்கம்,
பற்பசை மட்டும் விழித்திருந்திருக்கும்.
டிப்போவில் பிரச்சினை வந்த அன்று இரண்டு.
வணக்கத்தோடு நிறுத்திவிட்டு
எதைப் பார்த்துக்கொண்டிருந்தாரோ.

நான் முதலிலிருந்து என்றுதான் அமத்துவேன்.
சிலநாள் மட்டும் அவர் நின்ற நிமிசத்தைத் திறந்து
அந்தப் படத்தை அப்படியே நிறுத்தி வைத்திருப்பேன்.
ஒரு கதவு. யாருடையதோ முழங்கை.

கார்த்திகை மழையில் ஒரு வெள்ளி,
நாடகக்காரி கடிதத்தைப் பிரிக்க, கரண்ட் போனது.
இருபத்தாறு நிமிசத்தோடு அறுந்த கோப்பு.
காலையில் பெட்டியின் மேல்
வேபில் தாளின் பின்பக்கத்தில் அவருடைய கோணல் எழுத்து:

'கடிதம் தகப்பன் எழுதினதில்லை, தம்பியாம்.
அவள் கிழிச்சுக் கிணத்துக்குள்ள போட்டிட்டாள்.
வீட்ட போகேல்லை. பஸ் ஏறினாள்.
கொண்டக்டர் காசு வாங்கேல்லை.'

எந்த நாடகத்தில் கொண்டக்டர் வருகிறான்?
அன்றிரவு வார்ட்டில் மரியகொறற்றிக்குச் சொன்னேன்.
ஏழாம் கட்டில் அம்மா போர்வையை விலக்கிக் கேட்டா.
ஊர் முழுக்க இருட்டாய்க் கிடந்த வெள்ளி,
மறுத்துச் சொல்ல ஆளில்லை.
'நல்ல கொண்டக்டர்' என்றா அந்த அம்மா.

கொம்பியூட்டருக்கு ஒரு பழக்கம்:
தவறினதை மறு ஒளிபரப்பில் தானே தேடிப் பிடிக்கும்.
திங்கள் காலை, ஒரே பெயரில் இரண்டு.
ஒன்று இருபத்தாறு நிமிசம். மற்றது முழுசு.
அவர் இன்னும் திறக்கவில்லை.
முழுசின்மேல் நின்றேன்.
நீலப் பொத்தானை அமத்தினேன்.
அழிக்கவா?
எத்தனையோ பேருக்கு ஊசி போட்ட விரல்,
தயங்கியது.
ஓம்.

பின்னேரம் கேற்றடியில் காசுப்பையோடு அவர்,
குடையோடு நான்.
'ஞாயிற்றுக்கிழமை அது பிடிபட்டிருக்குமே?'
'இல்லையப்பா. டிஷ்ஷுக்குள்ள இலை.'

ஒழுங்கை முடக்கில் திரும்பிப் பார்க்கிறேன்.
ஏணியில் நிற்கிறார்.
காலையில்தான் நான் துடைத்த டிஷ்ஷை
நெடுநேரம்
துடைத்துக்கொண்டிருக்கிறார்.